அம்மாவின் வயிற்று வலையில் சீழ்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன், அக்காமார்களே. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம். அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், வயது 64. மூன்று வருடத்துக்கு முன் குடலிறக்கத்துக்கு (ஹெர்னியா) வயிற்றுச் சுவரைத் தாங்கும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வலை வைத்தார்கள். இப்போது தொப்புளுக்குக் கீழே ஐம்பது காசு அளவில் ஒரு ஓட்டை, அதில் ஓயாமல் சீழ். கட்டு மாற்றுவது நான்தான். நேற்று தூண்டில் நூல் மாதிரி ஓர் இழை பஞ்சோடு வந்தது, கை நடுங்கிவிட்டது.

பழைய வலையை எடுத்தே ஆகவேண்டும் என்கிறார் டாக்டர். சரி, கிருமி வலைமேல் படலம் கட்டிவிட்டால் மாத்திரை எட்டாது என்பது புரிகிறது. அடுத்து எதை வைப்பது என்பதில்தான் குழப்பம். பன்றித் தோலிலோ மாட்டுத் திசுவிலோ செய்த வலை, ஒன்றரை வருடத்துக்குள் மெல்லக் கரையும் வலை, இல்லையென்றால் இப்போதைக்குத் தையல் மட்டும் போட்டுப் புண் ஆறியபின் இன்னோர் அறுவை. மாடு என்றதுமே அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

2022இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு வருடத்தில் குடலிறக்கம் திரும்பியது பன்றித் தோல் வலையில் 20.5 விழுக்காடு, சாதாரண பிளாஸ்டிக் வலையில் 5.6. ஆனால் அது அம்மாவைப் போல் சீழ் பிடித்த வயிறுகளில் செய்ததல்ல.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வலையை எடுத்தார்களா? மறு அறுவைக்கு எத்தனை மாதம் காத்திருந்தீர்கள்? கரையும் வலைக்கு எத்தனை வெள்ளி ஆனது? அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு. அதை இறக்கிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.