45 டிகிரியில் அறுக்கும்போது மெஷின் என் பக்கம் பாய்கிறது, நாலாவது மூலையும் சேரவில்லை

கேள்வி:
வணக்கம். படச் சட்டம் செய்து பழகலாம் என்று 10 இன்ச் ஸ்லைடிங் மைட்டர் சா (பிளேடு முன்னும் பின்னும் ஓடி, மரத்தைக் கோணத்தில் அறுக்கும் மெஷின்) வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. நேர்வெட்டில் பிரச்சினை இல்லை, 45 டிகிரிக்குத் திருப்பினால்தான் தகராறு. பிளேடைப் பின்னால் இறக்கி, கைப்பிடியை என் பக்கம் இழுத்து அறுக்கிறேன். நேற்று 4 இன்ச் தேக்குப் பலகையில் பிளேடும் மோட்டாரும் உள்ள தலை சட்டென்று என்னை நோக்கி ஏறி வந்தது, பலகையும் நகர்ந்தது. விரல் தப்பியது. அறுத்த நான்கையும் சேர்த்தால் மூன்று மூலை கச்சிதம், நாலாவது மட்டும் வாய் பிளக்கிறது. பிளேடு மோசமா, நான் மோசமா?

பதில் 1:
பிளேடு மேல் பழி வேண்டாம் தம்பி. அறுக்கும் திசைதான் தலைகீழ். பிளேடின் முன்பக்கப் பல் கீழே இறங்கி, அடியில் பின்தடுப்பை (மரம் சாய்ந்து நிற்கும் சுவரை) நோக்கி ஓடுகிறது. ஓடும் பிளேடை நீங்கள் இழுத்தால் வண்டிச் சக்கரம் போல மரத்தின் மேல் ஏறி உங்களிடம்தான் வரும். முதலில் தலையை முழுவதும் முன்னால் இழுங்கள், சுவிட்சைப் போடுங்கள், முழு வேகம் வந்ததும் இறக்குங்கள், அப்புறம் பின்னால் தள்ளுங்கள். அறுத்து முடித்ததும் தலையைக் கீழேயே பிடித்துச் சுவிட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகுதான் தூக்க வேண்டும். ஓடும்போதே தூக்கினால் கழிவுத் துண்டு மாட்டித் தெறிக்கும்.

2 இன்ச் சட்டத்துக்கு ஸ்லைடே வேண்டாம். தலை ஓடும் ரெயிலைப் பின்னால் பூட்டி, சும்மா இறக்கி அறுங்கள்.

பதில் 2:
பலகை நகர்ந்தது என்றாரே, அதையும் கவனியுங்கள். கோணவெட்டில் பிளேடு மரத்தைத் தடுப்போடு பக்கவாட்டில் தள்ளும். அரை மில்லி நகர்ந்தாலும் கோணம் போச்சு. கையை நம்பாமல் கிளாம்ப் போடுங்கள். கை பிளேடிலிருந்து 6 இன்ச்சாவது தள்ளி இருக்கட்டும், இடக்கையை வலக்கைக்குக் குறுக்கே நீட்டவே கூடாது. கையுறையும் வேண்டாம், பிளேடில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

நாலாவது மூலை வெறும் கணக்கு. நாலு சட்டத்துக்கும் இரண்டிரண்டு முனை; ஒவ்வொரு வெட்டும் அரை டிகிரி குறைந்தால் எட்டு வெட்டுக்கு 4 டிகிரி. அது மொத்தமும் கடைசி மூலையில் வந்து உட்காரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நேர்வெட்டு நிலையில் வைத்து, மூலைமட்டத்தால் (90 டிகிரி பார்க்கும் எல் வடிவக் கருவி) பிளேடுக்கும் தடுப்புக்கும் இடையே பாருங்கள். பிளேடின் தட்டில் வையுங்கள், பல்லில் வைத்தால் பொய் சொல்லும். எதிரெதிர்ச் சட்டங்கள் நீளத்தில் அச்சாக ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவும் மூலையைத் திறக்கும்.

கேட்டவர்:
நன்றி அண்ணே. மட்டம் வைத்தேன், தடுப்பு ஒரு முனையில் பின்வாங்கியிருந்தது. சரிசெய்து, கிளாம்ப் போட்டுத் தள்ளி அறுத்தேன். தலை பாயவே இல்லை, மூலையும் சேர்ந்தது. இன்னொரு சந்தேகம்: 3 இன்ச் துண்டின் முனையில் 45 எப்படி எடுப்பது? கிளாம்ப் எட்டவில்லை.

பதில் 1:
அந்தத் துண்டைப் பிடித்து அறுக்கவே வேண்டாம். நீளக் கட்டையின் முனையில் 45 எடுத்துவிட்டு, கடைசியில் 3 இன்ச்சைத் துண்டாக்குங்கள்.

பதில் 2:
பிளேடைச் சாய்த்தும் அறுக்கப் போகிறீர்களென்றால், தடுப்பின் மேல்பகுதியை விலக்கிவிட்டு, மின்சாரம் இல்லாமல் ஒருமுறை தலையை இறக்கித் தள்ளிப் பாருங்கள். நான் பார்க்காமல் அலுமினியத் தடுப்பையே அறுத்தவன்.