மனுவேல் வால்ஸ்: கட்சி மாறியவரா, கட்சியால் கைவிடப்பட்டவரா?

திண்ணைவாசி கேட்டது:

பிரெஞ்சு அரசியலை அவ்வப்போது எட்டிப் பார்க்கிற ஆள் நான், தப்பாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2014 முதல் 2016 வரை சோசலிஸ்ட் கட்சி சார்பில் பிரதமராக இருந்தவர் மனுவேல் வால்ஸ். அடுத்த வருஷமே அதிபர் தேர்தலில், தன் கட்சி வேட்பாளரை விட்டுவிட்டு, மக்ரோனுக்கு ஓட்டுப் போடுவேன் என்றார். 2019இல் பார்த்தால் ஸ்பெயினில் பார்சலோனா மேயர் பதவிக்கு நிற்கிறார். 2024 டிசம்பரில் மறுபடி பாரிசில் அமைச்சர்! இதெல்லாம் ஒரே ஆள்தானா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். இவர் ஏன் இப்படித் தாவிக்கொண்டே இருந்தார்? பக்கத்து நாட்டில் போய் மேயருக்கு நிற்க எப்படி விட்டார்கள்? கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று ஒன்றும் அங்கே கிடையாதா?

ஓரக்குறிப்பு:

கிடையாது. பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் 27ஆவது பிரிவு, நாடாளுமன்ற உறுப்பினரைக் கட்டளையிட்டுக் கட்டிப்போடுவது செல்லாது என்கிறது. நீங்கள் ஒரு கட்சிச் சீட்டில் ஜெயித்து மறுநாளே வேறு அணியில் போய் உட்கார்ந்தாலும் பதவி போகாது. அதோடு இன்னொரு வசதி, ஓர் அணியில் முழு உறுப்பினராகச் சேராமல் 'இணைந்தவர்' என்று மட்டும் பெயரை ஒட்டிக்கொள்ளலாம். வால்ஸ் 2017இல் மக்ரோன் அணியில் இருந்தது அப்படித்தான்.

பார்சலோனா விஷயம் அதைவிட எளிது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் எவரும் தான் வசிக்கிற ஒன்றிய நாட்டின் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம். அப்புறம் அவர் பிறந்ததே பார்சலோனாவில்தான், 1962இல். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியது 1982இல்.

எவ்ரிக்காரன்:

பாரிசுக்குத் தெற்கே எவ்ரியில் அவர் மேயராக இருந்த காலத்தில் (2001 முதல் 2012 வரை) நானும் அங்கே குடியிருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இவர் திடீரென்று 2017இல் வலது பக்கம் போனார் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள், எங்களுக்கு அது புதுசே இல்லை. பதினேழு, பதினெட்டு வயதில் கட்சியில் சேர்ந்ததே மிஷேல் ரொகார் என்ற தலைவரின் பின்னால்தான், அதாவது அதே கட்சிக்குள் தலைவர் மித்தரானுக்கு எதிரே நின்ற, சந்தைப் பொருளாதாரத்தோடு சமாதானமாகப் போகலாம் என்று நினைத்த கோஷ்டி. எவ்ரியில் ஒரு சூப்பர் மார்க்கெட் கிளை ஹலால் பொருள் மட்டும் விற்கப் போனபோது கடுமையாக எதிர்த்தார், அதில்தான் முதலில் நாடு முழுக்கப் பெயர் அடிபட்டது. கட்சியின் பெயரிலிருந்து 'சோசலிஸ்ட்' என்ற சொல்லையே எடுத்துவிடலாம் என்று 2009இல் பேசியவர். 2011 உட்கட்சித் தேர்தலில் 6 சதவீதம்கூட வாங்கவில்லை. அப்படிப்பட்டவரை அதிபர் ஒல்லாந்த் உள்துறை அமைச்சராக்கி, 2014 மார்ச் கடைசியில் பிரதமரும் ஆக்கினார்.

அங்கேதான் சிக்கல். அரசியல் சட்டத்தில் 49ஆம் பிரிவு 3ஆம் பத்தி என்று ஒன்று இருக்கிறது. மசோதாவை ஓட்டெடுப்பு இல்லாமலே நிறைவேற்றிவிடலாம், தடுக்க வேண்டுமானால் அரசையே கவிழ்க்க வேண்டும். 2015இல் மக்ரோன் பொருளாதார அமைச்சராகக் கொண்டுவந்த சட்டத்துக்கும் 2016இல் தொழிலாளர் சட்டத்துக்கும் வால்ஸ் இதைத்தான் எடுத்தார், ஏனென்றால் சொந்தக் கட்சிக்காரர்களே ஓட்டுப் போட மாட்டார்கள் என்று தெரியும். அதே மனிதர் 2017 ஜனவரியில் அதிபர் வேட்பாளர் தேர்வில் நின்றபோது, பட்ஜெட் தவிர மற்றதற்கு 49.3ஐ ஒழிப்பேன் என்றார். எங்கள் கட்டிடத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை.

அந்தத் தேர்வில் கட்சியின் இடது பக்கத்து பெனுவா ஆமோனிடம் தோற்றார், கிட்டத்தட்ட 59க்கு 41. ஜெயிப்பவருக்கு ஆதரவு தருவேன் என்று போட்டியாளர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், இவரும்தான். மார்ச் 29ஆம் தேதி தொலைக்காட்சியில் வந்து முதல் சுற்றிலேயே மக்ரோனுக்கு ஓட்டு என்றார். எனக்கு அவர் கொள்கை பற்றிப் பெரிய வருத்தம் இல்லை, அந்தக் கையெழுத்துதான் உறுத்துகிறது.

நடுப்பக்கம்:

எவ்ரிக்காரன் அண்ணா சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துப்போகிறேன், ஆனால் 'துரோகி' என்று சுலபமாக முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2012இல் ஆட்சியைப் பிடித்த கட்சி 2017இல் ஆமோனுக்கு 6.36 சதவீதம் வாங்கியது, நாடாளுமன்றத்தில் முப்பது பேர் அளவுக்குச் சுருங்கியது, சோல்ஃபெரினோ தெருவிலிருந்த தலைமையகத்தையே விற்றது. 2022 அதிபர் தேர்தலில் அதே கட்சியின் ஆன் இதால்கோவுக்கு 1.75 சதவீதம். மூழ்குகிற கப்பலில் இருந்து குதித்தவரை மட்டும் திட்டி என்ன செய்வது? கப்பலில் ஓட்டை போட்டதில் அவருக்கும் பங்கு உண்டு என்பது வேறு.

உண்மையான தாவல் பார்க்க வேண்டுமா, எரிக் பெசோனைப் பாருங்கள். 2007 பிப்ரவரி வரை சோசலிஸ்ட் அதிபர் வேட்பாளர் செகோலேன் ருவயாலின் தேர்தல் குழுவில் இருந்தவர், அந்தத் தேர்தல் முடிவதற்குள்ளேயே வலதுசாரி வேட்பாளர் சார்கோசி பக்கம். பிறகு குடியேற்றத் துறை அமைச்சர். அவரோடு வைத்துப் பார்த்தால் வால்ஸ் மெதுவாக நடந்து போனவர்.

திண்ணைவாசி:

சரி, பிரதமராக இருந்தவர் ஆயிற்றே, மக்ரோன் கட்சி சிவப்புக் கம்பளம் விரித்திருக்குமே? பார்சலோனாவில் என்ன ஆயிற்று?

ஓரக்குறிப்பு:

கம்பளமா! சீட்டே தரவில்லை. எதிர்த்து ஆள் நிறுத்த மாட்டோம், அவ்வளவுதான் என்றார்கள். எவ்ரி இருக்கிற எசோன் முதல் தொகுதியில் 139 ஓட்டு வித்தியாசத்தில் தப்பித்தார். ஒரு வருஷம் சொச்சம் ஓட்டி, 2018 அக்டோபரில் பதவியை விட்டுவிட்டு பார்சலோனா போனார்.

அங்கே கட்டலான் தனிநாட்டை எதிர்க்கிற சியுடடானோஸ் கட்சியின் ஆதரவோடு நின்று, நகரசபையின் 41இல் 6 இடம். ஆனால் அந்த ஆறில்தான் வேடிக்கை. அப்போதைய மேயர், இடதுசாரி அடா கொலாவின் அணிக்கு 10, கட்டலான் தனிநாடு கேட்கிற கட்சியின் எர்னஸ்ட் மரகாலுக்கும் 10, சோசலிஸ்ட்டுகளுக்கு 8. யாருக்கும் 21 சேராவிட்டால், அதிக ஓட்டு வாங்கிய பட்டியல்காரர் மரகால் மேயர். அதைத் தடுக்க வால்ஸ் பக்கத்து மூன்று ஓட்டு கொலாவுக்கு, நிபந்தனை ஒன்றும் இல்லாமல். 10ம் 8ம் 3ம் 21. இடதுசாரிப் பெண்மணிக்கு ஓட்டுப் போட்டதற்காக சியுடடானோஸ் சில நாளில் அவரோடு உறவை முறித்துக்கொண்டது.

எவ்ரிக்காரன்:

அந்த ஓட்டு மட்டும் எனக்குப் பிடித்த வால்ஸ், மறைக்காமல் சொல்கிறேன். தனக்கு ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தே போட்டார்.

நடுப்பக்கம்:

அதற்கப்புறமும் பெரிய ஆதாயம் ஒன்றும் இல்லை. 2024 டிசம்பரில் பிரதமர் பைரூவின் அரசில் கடல்கடந்த பிரதேசங்களுக்கு அமைச்சர் ஆனபோது, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான மயோத் தீவைச் சீடோ புயல் சிதைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. 2025 ஜூலையில் பாரிஸ் பக்கத்து பூஜிவாலில், பசிபிக்கில் இருக்கிற பிரெஞ்சுப் பிரதேசமான நியூ கலிடோனியாவின் எதிர்காலம் பற்றி ஒப்பந்தம் போட்டார், அங்கே விடுதலை கேட்கிற கனாக் முன்னணி அடுத்த மாதமே அதை நிராகரித்தது, அக்டோபரில் பதவியும் போனது.

நடுவில் 2022இல் ஸ்பெயின், போர்ச்சுகல் வாழ் பிரெஞ்சுக்காரர்களின் தொகுதியில் மக்ரோன் சீட்டு ஒருவழியாகக் கிடைத்தது. முதல் சுற்றிலேயே மூன்றாம் இடம். ஜெயித்தவர் சீட்டு கிடைக்காமல் தனியாக நின்ற மக்ரோன் ஆதரவாளர் ஸ்டெஃபான் வோஜெட்டா. அவரும் நாடாளுமன்றத்துக்குப் போய் அதே அணியில் 'இணைந்தவர்' என்று உட்கார்ந்தார்.