மதிக்குப் பட்டிமன்றம் – ‘மேலவீடு’ குழு

கலா (இரவு 7:12): நாளைக்குக் காலையில மதிக்குப் பட்டிமன்றம். வறுமையை ஒழிச்சது முதலாளித்துவமா, சோசலிசமா, கம்யூனிசமா. இவ சோசலிச அணி. 4 நிமிஷம். சுப்பையா அண்ணே, சொல்லிக் கொடுங்க

சுப்பையா: மதி, பொத்தாம்பொதுவா பேசாதே. முதல்ல சீனாவை எடு. கம்யூன்னா ஊர் நிலத்தை எல்லாரும் கூட்டா உழுற அமைப்பு. அங்க கூலி கிடையாது, வேலைப்புள்ளிதான், அதை வச்சுத்தான் பங்கு. விழுந்து விழுந்து வெட்டினாலும் வரப்புல உட்கார்ந்தாலும் ஏறக்குறைய ஒரே புள்ளி. அதைவிடக் கொடுமை, விளைச்சலை அதிகாரிங்க கூட்டிச் சொன்னாங்க. அந்தப் பொய்க்கணக்குப்படி ஊர்த் தானியத்தை அள்ளிட்டாங்க. 1959–61 பஞ்சத்துல கோடிக்கணக்குல செத்தாங்க

ரமேஷ்: அப்ப முதலாளித்துவம்தான்

கலா: இவ சோசலிசம்டா

சுப்பையா: இருங்க. 1978 கடைசியில அன்ஹுய் மாகாணத்துல சியாவ்காங் கிராமம். 18 குடும்பம் ரகசியமா ஒரு தாள்ல கைநாட்டு வச்சாங்க. நிலத்தை வீட்டுக்கு வீடு பிரிச்சு உழுறது, அரசுக்கும் கூட்டுக்கும் அளந்துட்டு மிச்சம் அவங்கவங்களுக்கு. யாராவது ஜெயிலுக்குப் போனா, அவங்க பிள்ளைகளை 18 வயசு வரைக்கும் மத்தவங்க வளர்க்கணும். அடுத்த வருஷமே விளைச்சல் பல மடங்கு

செல்லம்மா அத்தை: ரேஷன் கடையில எனக்குக் கைரேகை விழ மாட்டேங்குதுப்பா

முருகன்: கருவிழி மெஷின் இருக்கான்னு கேளுங்க அத்தை. இல்லைன்னா கடையிலயே படிவம் வாங்கிக் கொடுத்து, வேற ஆளை அனுப்பலாம்

ரமேஷ்: அண்ணே, பிரிச்சாத்தான் விளையும். நம்ம கிழக்கு வயல் கூட்டுப் பட்டா?

கலா: ரமேஷ், இப்ப வேண்டாம்

சுப்பையா: பொங்கலுக்குப் பேசுவோம். மதி, அங்க பிரிச்சது உழுற உரிமையைத்தான். நிலம் இன்னிக்கும் கூட்டுச் சொத்து. இன்னொண்ணு, 1949-ல சராசரி ஆயுள் 40 கூட இல்லை. 1980-ல 65-க்கு மேல. சந்தை வர்றதுக்கு முன்னாடியே இது நடந்தாச்சு. தடுப்பூசி, சுகாதாரம், ஊர்லயே பயிற்சி எடுத்த ‘வெறுங்கால் மருத்துவர்’. வீட்டுக்கு வீடு உழுறது நாடு முழுக்கப் பரவி கம்யூன் கலைஞ்சதும், அது பணத்துல நடந்த கூட்டுறவு மருத்துவமும் போச்சு. 10 ஊர்ல 9-ல இருந்தது, 80-கள் நடுவுல 20 ஊருக்கு 1. கையில காசு புழங்குச்சு, ஆனா ஒரு ஆபரேஷன்னா குடும்பமே கடன்ல. 2003-லதான் அரசு திரும்பக் காப்பீடு கொண்டுவந்தது

மதி: மாமா, 80 கோடி பேர் வறுமையிலேர்ந்து மீண்டாங்கன்னு எதிரணி சொல்லுவாங்களே

சுப்பையா: உலக வங்கிக் கணக்கு, 40 வருஷத்துல கிட்டத்தட்ட அவ்வளவு. ஒத்துக்கோ, வருமானத்தைத் தூக்குனது சந்தை. ஆனா எழுத்தும் உடம்புல தெம்பும் ஏற்கெனவே இருந்த ஜனம்னு சொல்லு. கடைசி 1 நிமிஷம் கேரளா. 1970-ல நிலச்சீர்திருத்தம் அமலாச்சு. 2020-ல பிறந்த 1000 குழந்தைக்கு ஒரு வயசுக்குள்ள 6 சாவு, இந்தியா முழுக்க 28. ஓட்டுப் போட்டு வந்த, ஓட்டுல தோத்தும் போன அரசுங்க செஞ்சது

மதி: இது 6 நிமிஷம் வரும் மாமா

ரமேஷ்: கேரளாவுக்கு வளைகுடாப் பணமும் வருதே

சுப்பையா: வருது. அதுக்கு வேற பதில் இருக்கு, போன் போடு மதி

கலா: காலையில 8 மணிக்கு யார் கொண்டுபோய் விடுறீங்க?

செல்லம்மா அத்தை: அந்தப் படிவத்தை யாராவது வாங்கிட்டு வாங்களேன்

முருகன்: பார்க்கிறேன் அத்தை