மறு: மறு: இம்யூன் மார்க்கர் – ‘குறி’யா, ‘காட்டி’யா?

ஐயா,

‘இம்யூன் மார்க்கர்’ என்பதற்கு, அதாவது உடம்பின் நோயெதிர்ப்பு வேலையைத் தெரிவிக்கும், சோதனையில் அளக்கக்கூடிய பொருளுக்கு, நீங்கள் சொன்ன ‘நோயெதிர்ப்புக் காட்டி’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்டி என்றதும் எனக்குப் பள்ளிக்கூடத்து லிட்மஸ் தாள்தான் நினைவுக்கு வருகிறது. சிவந்தால் அமிலம், பேச்சே இல்லை. குடல் அழற்சி நோயில் அந்த வசதி கிடையாது. மலத்தில் அளக்கும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூட்ரோபில் என்ற ரத்த வெள்ளணுவின் சைட்டோபிளாசத்தில் (அணுவின் உட்கூழில்) உள்ள புரதத்தில் ஏறக்குறைய பாதி அதுதான். குடல் சுவரில் அழற்சி வந்தால் இந்த அணுக்கள் அங்கே குவிந்து உட்குழலுக்குள் இறங்குகின்றன. அவை சிந்திய புரதம் மலத்தோடு வெளியே வருகிறது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலும் அழற்சி இல்லை, கொலனோஸ்கோப்பியை (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையை) தள்ளிப்போடலாம். கூடினால்? குடல் அழற்சி நோய்களில் ஒன்றான குரோன் நோயாக இருக்கலாம், குடல் காசநோயாக இருக்கலாம், மூட்டுவலிக்கு விழுங்கிய மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம். யாரையும் அது காட்டிக்கொடுப்பதில்லை.

‘குறி’யும் வேண்டாம். அறிகுறி, நோய்க்குறி என்று அங்கே ஏற்கெனவே இடநெருக்கடி. (வகுப்பில் சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்ச் சிரிக்கும்.)

என் பரிந்துரை ‘நோயெதிர்ப்புத் தடயம்’. கைரேகை மாதிரி: ஆள் வந்துபோனது தெரியும், ஆள் யார் என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டும்.

— — —

அம்மா,

தடயம் நடந்து முடிந்த பிறகு கிடைப்பது. நாம் பேசுவதோ முன்கூட்டியே கண்டறிவதை. 2005ல் வந்த ஆய்வில், இஸ்ரேல் ராணுவத்தினரிடம் முன்பு எடுத்துச் சேமித்திருந்த ரத்தத்தைச் சோதித்தார்கள். பின்னாளில் குரோன் நோய் வந்த 32 பேரில் 10 பேருக்கு, ரொட்டி ஈஸ்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) முன்பே இருந்தது. நோய் தெரியவருவதற்குச் சராசரியாக 38 மாதம் முன்பு. இதைப் போய்த் தடயம் என்பதா?

— — —

ஐயா,

முன்பு என்பது நம் கணக்கு. உடம்பு ஈஸ்டோடு சண்டையை அப்போதே தொடங்கிவிட்டது; எதிர்ப்பொருள் அந்தச் சண்டையின் மிச்சம். வயிற்றுப்போக்குதான் தாமதமாக வந்தது. மீதி 22 பேருக்கு அது தென்படவே இல்லையே, அதையும் பாருங்கள்: ‘காட்டி’ அங்கேயும் தோற்கிறது.

சரி, ‘முன்’ கட்டாயம் வேண்டுமென்றால் இந்த எதிர்ப்பொருள்களுக்கு மட்டும் ‘முன்தடயம்’ என்று வைப்போம். கால்ப்ரொடெக்டினுக்கு வெறும் தடயம் போதும். அப்புறம், கால்ப்ரொடெக்டினை யாரும் தமிழாக்கிவிடாதீர்கள். லேப் சீட்டில் அந்தப் பெயரைத் தேடித்தான் நோயாளி எண்ணைப் பார்க்கிறார்.