அப்பா அம்மாவைத் தனியாக அமெரிக்கா அனுப்பும்போது: வீல்சேர், சீட், சாப்பாடு

டல்லஸ்வாசி

சென்னையிலிருந்து துபாய் அல்லது தோகா 4 முதல் 5 மணி நேரம். அதை எப்படியும் ஓட்டிவிடலாம். அடுத்து வரும் 14 முதல் 16 மணி நேரம்தான் பெரியவர்களைப் படுத்தும். டிக்கெட் போடும் பிள்ளைகள் விலையைப் பார்க்கிறோம், மற்றதெல்லாம் ஏறியபின் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். நம் ஊர்ப் பெரியவர்கள் விமானத்தில் வாய் திறந்து எதையும் கேட்க மாட்டார்கள். ஆகவே கேட்க வேண்டியதையெல்லாம் டிக்கெட்டிலேயே பதிந்துவிட வேண்டும்.

முதலில் வீல்சேர். இதில் மூன்று வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் டிக்கெட்டில் ஒரு குறியீடு. டபிள்யூசிஎச்ஆர் என்றால் படி ஏறுவார், விமானத்துக்குள் நடப்பார், நெடுந்தூரம் நடக்க மட்டும் முடியாது. டபிள்யூசிஎச்எஸ் என்றால் படி ஏற முடியாது, உள்ளே சீட் வரை நடப்பார். டபிள்யூசிஎச்சி என்றால் சீட் வரைக்கும் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். ‘வீல்சேர் வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் பெரும்பாலும் முதல் வகையைப் போட்டுவிடுவார்கள். ஏரோபிரிட்ஜ் (கட்டடத்திலிருந்து விமானக் கதவு வரை நீளும் நடைபாதை) இருந்தால் வித்தியாசமே தெரியாது. விமானத்தைத் தள்ளி நிறுத்திப் பஸ்ஸில் கொண்டுபோகும் நாளில்தான் வினை. மூட்டுவலிக்காரர் செங்குத்தான படிக்கட்டின் கீழே நிற்பார், ‘படி ஏறுவார் என்றுதானே பதிவாகியிருக்கிறது’ என்பார்கள். முழங்கால் மோசம் என்றால் இரண்டாவது வகையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தூக்கி ஏற்றும் வண்டிக்கு அவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டியிருப்பதால் 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வீல்சேர்க்காரர்களைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். அதனால் இடைநிறுத்தம் ஒன்றரை மணி நேரம் என்று டிக்கெட்டில் அழகாகத் தெரிந்தாலும் எடுக்காதீர்கள். 3 மணி நேரமாவது இருக்கட்டும்.

நங்கநல்லூர்

வீல்சேர் விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. இடைநிறுத்த ஊரில் வீல்சேர் பயணிகளை ஒரு கூடத்தில் மொத்தமாக உட்காரவைப்பார்கள். தள்ளிவந்தவர் போய்விடுவார், அடுத்த விமானத்துக்கு வேறொருவர் வருவார். நடுவில் ஒரு மணி நேரமோ இரண்டோ கவனிக்க ஆள் இருக்காது. தள்ளிவருபவரிடம் முதல் வேலையாக ‘பாத்ரூம்’ என்று சொல்லச் சொல்லுங்கள். கூடத்தில் உட்கார்ந்த பிறகு சொன்னால் நடக்காது. போர்டிங் பாஸ் ஹேண்ட்பேக் அடியில் இருக்கக் கூடாது, சட்டைப் பையிலோ கழுத்துப் பையிலோ இருக்கட்டும். கேட் எண் மாறினால் கூப்பிட வருகிறவர் அதைப் பார்த்துத்தான் ஆளைத் தேடுவார்.

அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்க இமிகிரேஷன், கஸ்டம்ஸ் இரண்டும் அங்கேயே முடிந்துவிடும். 2014 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணி போல இறங்கி நடக்கலாம். 16 மணி நேரம் உட்கார்ந்து வீங்கிய காலோடு இமிகிரேஷன் வரிசையில் நிற்காமல் இருப்பதே பாதி நிம்மதி. அதற்கான நேரம் அபுதாபியில் போகும் என்பதால் இடைநிறுத்தம் கூடுதலாக வேண்டும்.

சீட் பைத்தியம்

காசு கொடுத்தாவது சீட்டை முன்கூட்டியே எடுங்கள். போயிங் 777-இல் எகானமி பெரும்பாலும் 3-4-3 வரிசை (இரு பக்கமும் மூன்று, நடுவில் நாலு சீட்), சீட் அகலம் 17 அங்குலம் போல வரும். ஏர்பஸ் ஏ380-இன் கீழ்த்தளமும் 3-4-3தான், ஆனால் விமானமே அகலமானது, சீட்டும் 18 அங்குலம் வரும். ஏ350-இல் 3-3-3, அதுவும் 18. இந்த ஓர் அங்குலம் தோளில் தெரியும். ஒரே ஊருக்கு இரண்டு வகை விமானமும் போகிறது என்றால் நூறு, இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்காக 777-ஐப் பிடிக்காதீர்கள். ஏ350, 787 இரண்டிலும் கேபின் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமம், பழைய வகைகளில் 8,000 அடி வரை போகும். இறங்கியபின் வரும் தலைவலி, அசதியில் இதற்கும் பங்கு உண்டு.

தம்பதியாகப் போனால் நடு நாலில் ஓரமும் அதற்கு அடுத்ததும். ஓர சீட்டுக்காரரை மூணு சீட் பக்கத்தில் இரண்டு பேர் எழுப்புவார்கள். நடு நாலில் எழுப்பக்கூடியவர் அடுத்த சீட்டில் இருக்கும் மனைவியோ கணவரோ மட்டும்தான், மற்ற இருவருக்கும் அந்தப் பக்கம் வழி இருக்கிறது.

எதிரில் சுவர் மட்டும் இருக்கும் பல்க்ஹெட் வரிசையைப் பெரியவர்களுக்குப் பலர் ஆசையாக எடுக்கிறார்கள். கால் நீட்டலாம், உண்மை. ஆனால் சாப்பாட்டுத் தட்டும் டிவியும் கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது, சீட்டும் அந்த அளவுக்குக் குறுகும். கிளம்பும்போதும் இறங்கும்போதும் கைப்பை மேலே போயாக வேண்டும். குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் அதுவே. அவசரக் கதவை ஒட்டிய எக்ஸிட் வரிசை வீல்சேர் பயணிக்குத் தர மாட்டார்கள். டாய்லெட்டுக்கு நாலைந்து வரிசை முன்னால் ஓர சீட், அவ்வளவுதான் என் சிபாரிசு.

ஓரக் கைப்பிடியின் அடியில், கீல் அருகே விரலால் தடவிப் பார்த்தால் பல விமானங்களில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் கைப்பிடி மேலே போய்விடும். இடுப்பு வலிக்காரர் பக்கவாட்டில் திரும்பிக் காலை வெளியே வைத்து எழ அது பெரிய உதவி.

மிச்சிகன் மாமி

சாப்பாட்டுக்கு வருவோம். ‘இந்து மீல்’ என்று போட்டிருக்கிறதே என்று சைவக்காரர்களுக்கு எச்என்எம்எல் என்ற குறியீட்டை எடுத்துவிடுகிறார்கள். அது மாட்டிறைச்சி இல்லாத அசைவம்! கோழியோ மீனோ வரும். நம் சைவத்துக்கு ஏவிஎம்எல். வெங்காயம், பூண்டு, கிழங்கு கூடாதென்றால் விஜேஎம்எல். விஜிஎம்எல் பால் பொருளே இல்லாத சைவம், எடுத்தால் தயிர்கூட வராது. சர்க்கரைக்காரர்களுக்கென்று டிபிஎம்எல் இருக்கிறது, ஆனால் அது உப்பு சப்பில்லாத மேல்நாட்டுச் சாப்பாடு, அசைவமாகவும் வரலாம். ஒருவருக்கு ஒரு குறியீடுதான் என்பதால் சைவமான சர்க்கரை நோயாளிக்கும் ஏவிஎம்எல்லே போட்டு, இனிப்பை ஒதுக்கச் சொல்லுங்கள்.

24 மணி நேரம் முன்பாவது பதிவாகியிருக்க வேண்டும், இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக. தேதி மாற்றினாலோ விமானத்தை அவர்களே மாற்றினாலோ சாப்பாட்டுக் குறிப்பு விழுந்துவிடும், திரும்பப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டு விமானச் சேவை என்றால் டிக்கெட் விற்ற கம்பெனியிடம் அல்ல, விமானம் ஓட்டும் கம்பெனியிடம் கேட்க வேண்டும், அவர்களுடைய பதிவு எண் வேறாக இருக்கும். சீட் மாறி உட்கார்ந்தால் பணிப்பெண்ணிடம் சொல்லாவிட்டால் தட்டு பழைய சீட்டுக்குப் போய்விடும்.

கையில் நாலு சப்பாத்தி, பொடி தடவின இட்லி போதும். தயிர் சாதத்தைச் செக்யூரிட்டியில் திரவக் கணக்கில் சேர்த்துவிடலாம். அமெரிக்கா போகும் விமானத்தில் கைப்பையில் 350 மி.லி. அளவுக்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், வாங்கி வைத்துக்கொள்ளவும் செய்வார்கள். சாம்பார் பொடி, பருப்புப் பொடியெல்லாம் பெரிய பெட்டியில் போகட்டும். பச்சைக் கறிவேப்பிலை எந்தப் பெட்டியிலும் வேண்டாம். எலுமிச்சை வகை மரங்களின் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்று தடை.

மருந்துக்கடை

மாத்திரை எல்லாம் கைப்பையில், ஸ்ட்ரிப்பைப் பிரிக்காமல், மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டோடு. இன்சுலின் கண்டிப்பாகப் பெரிய பெட்டியில் போகக் கூடாது. சரக்கறையில் உறைந்துபோனால் வீரியம் போய்விடும், கரைந்தபின் பார்த்தால் தெரியவும் தெரியாது. மேற்கே போகும்போது அந்த நாள், இறங்கும் ஊரைப் பொறுத்து, ஒன்பதரை முதல் பதின்மூன்றரை மணி நேரம் வரை நீளும் என்பதால் ஊசி எத்தனை, எப்போது என்று டாக்டரிடம் இந்திய நேரப்படி எழுதி வாங்குங்கள். கைக்கடிகாரத்தை இறங்கும் வரை மாற்ற வேண்டாம்.

பக்கத்துச் சீட்காரரை எழுப்பக் கூச்சப்பட்டுத் தண்ணீரையே தொடாமல் இருப்பார்கள். பிரஷருக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர் அதையும் சேர்த்து நிறுத்திவிடுவார். கேபின் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் குறைவு. எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், மலச்சிக்கல் எல்லாம் இப்படித்தான் வருகிறது. 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ரத்த நாளத்துக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. அப்படியும் 6,000 பேரில் ஒருவருக்குத்தான், பயமுறுத்த வேண்டாம். அரை மணிக்கொருமுறை குதிகாலை ஊன்றி விரலைத் தூக்குவது, விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, இருபது தடவை. அழுத்தக் காலுறை வாங்கினால் காலையில், வீக்கம் இல்லாதபோது கெண்டைக்கால் சுற்றளவு எடுத்து அளவாக வாங்குங்கள். மேல்பட்டை இறுக்கினால் போடாததைவிட மோசம். காலில் ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

நங்கநல்லூர்

டாய்லெட் கதவை நடுவில் தள்ளணும், இழுக்கக் கூடாது. தாழ்ப்பாளை நகர்த்தினால்தான் உள்ளே முழு விளக்கு எரியும். இது தெரியாமல் அரையிருட்டில் தடுமாறுகிறவர்கள் நிறைய. கழுவத் தண்ணீர்க் குழாய் இருக்காது, அதனால் காலி பாட்டில் ஒன்று கையோடு. அந்த வாஷ்பேசின் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. சாப்பாட்டு வண்டி கிளம்புவதற்கு முன்பே போய்வந்துவிட்டால் வரிசை இல்லை. தட்டு எடுத்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுவார்கள்.

சென்னை விமானத்தில் தமிழ் தெரிந்த பணியாளர் இருக்கலாம், அடுத்த விமானத்தில் நம்ப முடியாது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை எழுதிக் கொடுத்துவிடுங்கள்: வெந்நீர், இன்னொரு போர்வை, சைவம், மாத்திரை நேரம், பிள்ளையின் போன் எண். ஆள் உருவம் போட்ட பொத்தானை அழுத்திவிட்டு அட்டையைக் காட்டினால் போதும்.

டல்லஸ்வாசி

பெட்டி வரவில்லையென்றால் பெல்ட் பக்கத்திலேயே இருக்கும் கவுன்ட்டரில் புகார் எண் வாங்காமல் வெளியே வரக் கூடாது என்பதையும் அந்த அட்டையில் சேர்க்க வேண்டும். மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி (விமானப் பயண இழப்பீட்டுக்கான சர்வதேச ஒப்பந்தம்) உடைந்த பெட்டிக்கு 7 நாள், தாமதமான பெட்டிக்குக் கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். வீல்சேர் தள்ளுகிறவர் பெட்டியை எடுத்துக் கொடுப்பார், ஆனால் எது நம் பெட்டி என்று அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பெட்டியையும் போனில் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.