விதி மாறினால் ஆடி முடித்த கதையும் மாற வேண்டுமா?

துடுப்பு (கேள்வி)

நாங்கள் ஆறு பேர். எட்டு மாதங்களாக வாரம் ஒரு நாள் கூடி, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஒரு மாயாஜாலக் கதையை ஆடி வருகிறோம். கதையை நடத்துபவர் என்று தனியாக யாரும் இல்லை. அன்றைய ஆட்டம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் புது விதியை முன்மொழியலாம், பழைய விதியைத் திருத்தச் சொல்லலாம். பாதிக்கு மேற்பட்டோர் கை தூக்கினால் நிறைவேறிவிடும். பதினோரு விதிகளோடு தொடங்கினோம், இப்போது முப்பத்தொன்று.

என் பாத்திரம் ஒரு கிழப் படகுக்காரி. இறந்தவரை மூன்று நாளுக்குள் கொண்டுவந்தால், கறுப்பு ஆற்றின் அக்கரைக்குப் போய் அந்த உயிரை அழைத்து வருவாள். அதற்கான கூலியை அவளே கொடுக்க வேண்டும்: ஓர் உயிருக்கு ஒரு நினைவு. இதுவரை ஏழு பேர். ஏழு முறையும் அந்த நினைவை எழுதி, உரக்கப் படித்து, தாளைக் கிழித்திருக்கிறேன். தாயின் குரல், முதன்முதலில் தனியாகத் துடுப்புப் போட்ட இரவு, இறந்துபோன தங்கையின் பெயர். கிழித்த பிறகு அவளுக்கு அது தெரியாது, நானும் ஆட்டத்தில் பேசக்கூடாது. அது 14ஆம் விதி. ஆறு பேரும் சேர்ந்து கொண்டுவந்தது.

போன வாரம் 31ஆம் விதி வந்தது: "இந்த உலகில் இறந்தவர் எவரும் மீண்டதில்லை, மீளப்போவதுமில்லை." நால்வர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு.

"மீளப்போவதில்லை" என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வருத்தம்தான், ஆனால் வாக்கெடுப்பு என்று ஒப்புக்கொண்டுதானே ஆடவந்தேன். "மீண்டதில்லை" என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஏழு பேரில் ஒருவன் கோட்டைக் காவலன். மூன்றாம் மாதத்தில் வடக்கு வாசலைத் திறந்துவிட்டவன் அவன்தான். அவன் மீளவே இல்லை என்றால் வாசலைத் திறந்தது யார்? நாங்கள் இப்போது நகரத்துக்குள் எப்படி இருக்கிறோம்? கேட்டால், "அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்கிறார்கள். என் படகுக்காரி ஏழு நினைவுகளை இழந்திருக்கிறாள்; இப்போது எதற்காக இழந்தாள் என்பதும் இல்லாமல் போய்விட்டது.

நடந்து முடிந்ததை மாற்றும் உரிமை வாக்குக்கு உண்டா? விலகிவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

பழைய பகடை

விலகாதீர்கள். உங்களுக்கு முன்பே இதை யோசித்தவர்கள் இருக்கிறார்கள்.

பீட்டர் சூபர் என்ற தத்துவப் பேராசிரியர் 1982இல் நாமிக் என்ற ஆட்டத்தை உருவாக்கினார். விதிகளை மாற்றுவதுதான் அதில் ஒவ்வொருவரின் காய்நகர்த்தலும். தொடக்கத்தில் 29 விதிகள். 101 முதல் 116 வரை உள்ளவை எளிதில் தொட முடியாதவை. 201 முதல் 213 வரை உள்ளவை மாற்றத்தக்கவை. முதல் வகையில் ஒன்றை இரண்டாம் வகைக்கு இறக்க வேண்டுமானால் எல்லோரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். இரண்டு வகைக்கும் மோதல் வந்தால் முதல் வகையே வெல்லும்.

அந்தத் தொட முடியாத வரிசையில் 107ஆம் விதியைப் பாருங்கள். வாக்கெடுப்பு முடிந்த கணத்துக்கு முன்னால் எந்த விதிமாற்றமும் செல்லாது. விதியின் வாசகமே வேறுவிதமாகச் சொன்னாலும் செல்லாது. உங்கள் முப்பத்தொரு விதிகளில் இல்லாதது இதுதான்.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். தொடக்கத்தில் எல்லா மாற்றத்துக்கும் ஒருமித்த வாக்கு தேவை. இரண்டு சுற்றுகள் முடிந்தால்தான் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாகும். அப்படி ஆன பிறகு, நிறைவேறிய தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தவர்களுக்குப் பத்துப் பத்துப் புள்ளிகள் உண்டு (204). தோற்றவர் வெறுங்கையோடு எழுந்து போகக் கூடாது என்ற அந்த அக்கறையை எங்கள் குழுவிலும் எடுத்துக்கொண்டோம்.

ஒரு எச்சரிக்கை. "விதி பின்னோக்கிப் பாயாது" என்று இப்போது புதிதாக ஒரு விதி கொண்டுவந்தால் அது 31ஐத் தொடாது. 31 ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. முதலில் அதிலிருந்து "மீண்டதில்லை" என்ற சொல்லை நீக்கத் திருத்தம் கொடுங்கள், பிறகு மற்றது.

ஆலமரத்தடி

பழைய பகடை சொன்ன வழி சரி. ஆனால் துடுப்பு, ஒன்று கேட்கிறேன். அந்த நால்வரும் ஏன் கை தூக்கினார்கள் என்று கேட்டீர்களா?

நாமிக்கில் புள்ளிகள்தான் பணயம். நீங்கள் ஆடுவதில் ஒருவர் மாதக்கணக்காகச் சுமந்த ஓர் ஆள் பணயம். எந்தச் சாவையும் திருப்பிவிடலாம் என்று ஒருவர் கையில் மட்டும் சாவி இருந்தால், மற்றவர்களின் சாவுக்கு எடை குறைந்துபோகும். என் குழுவில் அதை நான் பார்த்திருக்கிறேன், சாவி என் கையில் இருந்தது. "மீண்டதில்லை" என்று அவ்வளவு அழுத்தி எழுதியவர் விதியைவிட வேறு எதையோ சொல்ல வந்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. திருத்தத்தை எழுதுவதற்கு முன் அவரோடு பேசுங்கள்.

துடுப்பு

பேசினேன். இரண்டு நாள் ஆயிற்று எனக்கு இதை எழுத.

31ஐ எழுதியவரின் பாத்திரம் ஒரு போர்வீரன். ஐந்தாம் மாதத்தில், நாங்கள் தப்பிப்பதற்காகப் பாலத்தின் நடுவில் தனியாக நின்று செத்தான். அன்றிரவே நான் அவனை மீட்டுக்கொண்டு வந்தேன். தங்கையின் பெயரைக் கொடுத்தது அவனுக்காகத்தான். அவர் மகிழ்வார் என்று நினைத்தேன். அந்த முடிவைத் தாமே தேர்ந்தெடுத்ததாகவும், முதல் மாதத்திலிருந்தே அதை நோக்கித்தான் ஆடியதாகவும், நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்றும் சொன்னார். உண்மை. நான் கேட்கவில்லை.

நான் வாக்கெடுப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு வாக்குக்கூட இருக்கவில்லை.

இருவரும் சேர்ந்து எழுதிய இரண்டு தீர்மானங்கள் நேற்று வாக்குக்கு வந்தன. ஒன்று, 31இலிருந்து "மீண்டதில்லை" நீங்குகிறது. மற்றொன்று, ஒருவரின் பாத்திரத்துக்கு ஏற்கெனவே நடந்ததையோ அதன் சாவையோ தொடும் எந்த விதிக்கும், எந்தச் செயலுக்கும் அந்தப் பாத்திரத்தை ஆடுபவரின் சம்மதம் வேண்டும். மற்றவர்களின் வாக்கு அதற்கு ஈடாகாது. முதலாவது ஐந்துக்கு ஒன்று. இரண்டாவது ஆறு பேரும். அதை மாற்றவும் ஆறு பேரும் வேண்டும் என்று சேர்த்திருக்கிறோம்.

பழைய பகடை

"தொடும்" என்பதற்கு என்ன பொருள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். சண்டை வரப்போவது அந்தச் சொல்லில்தான். யார் தீர்ப்புச் சொல்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

துடுப்பு

எழுதுகிறோம். அடுத்த வார ஆட்டம் ஆற்றங்கரையில் தொடங்குகிறது. போர்வீரன் தன்னைத் திரும்ப அக்கரையில் கொண்டுபோய் விடச் சொல்லிப் படகுக்காரியிடம் வருகிறான். அழைத்து வருவதற்குத்தான் இதுவரை கூலி இருந்தது. கொண்டுபோய் விடுவதற்கு என்ன கூலி, யார் கொடுப்பது என்று இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். தங்கையின் பெயர் திரும்பக் கிடைக்குமா என்று அவர்தான் கேட்டார்.