20 மிமீ எஃப் 1.8 லென்ஸ்ல இடது ஓரம் நட்சத்திரம் கோடா இழுக்குது, லென்ஸ் கோளாறா? ரிட்டர்ன் டைம் முடியப்போகுது, உதவி ப்ளீஸ்

இரவுவானம்:

வணக்கம் எல்லாருக்கும். புதுசா ஒரு 20 மிமீ எஃப் 1.8 பிரைம் (ஸூம் இல்லாத லென்ஸ்) வாங்கியிருக்கேன். பிராண்ட் பேரு வேணாம்னு விட்டுட்டேன், என் கேள்வி எந்த கம்பெனி லென்ஸுக்கும் ஒண்ணுதான். பாடி 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ். மில்கிவே எடுக்கணும்னே வாங்கினது, இதுவரைக்கும் கிட் ஜூம்ல எஃப் 3.5லயே மல்லுக்கட்டிட்டு இருந்தேன்.

ஜவ்வாது மலைல காவலூர் தாண்டி ஒரு இடம், விடியக்காலை மூணு மணி வாக்குல தென்கிழக்கு பாத்து எடுத்தேன், மில்கிவே எழும்பி வர்ற நேரம். எஃப் 1.8, 20 செகண்ட், ஐஎஸ்ஓ 3200. கேமரா ஸ்கிரீன்ல பாக்கும்போது அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வந்து 100 சதவீதம் ஸூம் பண்ணா நடு ஃப்ரேம் அருமை, ஆனா இடது பக்கம் கீழ, மலை விளிம்புக்கு மேல இருக்கிற நட்சத்திரம் எல்லாம் கோடு கோடா இழுத்திருக்கு. மேல ரெண்டு மூலைலயும் றெக்கை விரிச்ச மாதிரி வருது. வலது பக்கம் பரவால்ல, கொஞ்சம் உப்பலா இருந்தாலும் ரவுண்டா இருக்கு. ஒரு பக்கம் மட்டும் மோசம்னா லென்ஸ் டீசென்டர், அதாவது உள்ள ஒரு கண்ணாடி நடுவுலருந்து விலகியிருக்குன்னு எங்கயோ படிச்சேன். கடைல இந்த வாரத்துக்குள்ள சொன்னா மாத்தித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க, கைக்காசு சேத்து வாங்கினது, பதட்டமா இருக்கு. இது கோளாறா இல்ல வைட் லென்ஸ்னாலே இப்படித்தானா?

கல்யாணகேமரா:

தம்பி ஒரு செங்கல் சுவர் முன்னாடி ட்ரைபாட் போட்டு எஃப் 1.8ல ஒரு படம் எடுங்க, நாலு மூலையையும் ஒப்பிட்டுப் பாத்தா தெரிஞ்சுடும். நான் மண்டபத்துக்கு எடுத்துட்டுப் போற லென்ஸ் எல்லாம் இப்படித்தான் செக் பண்றது. அந்த முன்னாடி போட்டிருக்கிற யூவி ஃபில்டரைக் கழட்டிட்டு எடுங்க, மட்டமான ஃபில்டர் ஒண்ணே போதும் மொத்தத்தையும் கெடுக்க.

ஓரப்பார்வை:

அண்ணன் சொன்ன ஃபில்டர் விஷயம் கரெக்ட், முதல்ல அதைக் கழட்டுங்க. ஆனா சுவர் டெஸ்ட் 85 மிமீக்கு ஓகே, அல்ட்ரா வைடுக்கு நம்பவே கூடாது. 20 மிமீல சுவர் ஃப்ரேம் முழுக்க நிறையணும்னா ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் கிட்ட போய் நிக்கணும். அவ்வளவு கிட்டத்துல கேமரா சுவருக்கு நேரா இல்லாம கொஞ்சம் திரும்பியிருந்தாலே ஒரு பக்கம் சாஃப்ட் ஆயிடும், நல்ல லென்ஸைத் தூக்கி குறை சொல்லிடுவோம். அதுவும் நீங்க எடுக்கப்போறது வானம், அப்ப டெஸ்டும் தூரத்துலதான் இருக்கணும்.

இப்ப உங்க படத்துக்கு வர்றேன். நீங்க சொன்னதுல மூணு தனித்தனி விஷயம் கலந்து கிடக்கு, அதை முதல்ல பிரிச்சிடுவோம்.

இடது பக்கக் கோடு லென்ஸ் இல்ல, பூமி சுத்துறது. வானத்துல எல்லா நட்சத்திரமும் ஒரே வேகத்துல நகராது, வான நடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிறது வேகமா ஓடும், துருவத்துக்குப் பக்கத்துல இருக்கிறது கிட்டத்தட்ட நின்ன இடத்துலயே சுத்தும். காவலூர்ல தென் துருவம் தொடுவானத்துக்கு சுமார் 12 டிகிரி கீழதான் இருக்கு. நீங்க தென்கிழக்கு பாத்து 20 மிமீல எடுத்தா ஃப்ரேம் அகலம் 84 டிகிரி, அதாவது இடது ஓரம் கிட்டத்தட்ட கிழக்கைத் தொடுது, வலது ஓரம் கிட்டத்தட்ட தெற்கைத் தொடுது. இடது கீழ் ஓரத்து நட்சத்திரம் வலது கீழ் ஓரத்து நட்சத்திரத்தை விட தோராயமா மூணு மடங்கு வேகமா ஓடுது. 24 மெகாபிக்சல்ல 20 செகண்ட்னா ஃப்ரேம் நடுவுல அதிகபட்சம் 5 பிக்சல் இழுக்கும், மூலைக்குப் போகப் போக வைட் லென்ஸ் எல்லாத்தையும் வெளிப்பக்கமா இழுத்துக் காட்டுறதால அது 8, 10 பிக்சல் வரைக்கும் போகும். வலது பக்கம் 2, 3 பிக்சலோட நின்னுடும். அதான் ஒரு பக்கம் மட்டும் கோடு. ஐஎஸ்ஓவை 12800 ஏத்தி 5 செகண்ட்ல ஒண்ணு எடுங்க, கோடு காணாமப் போனா அந்தப் பஞ்சாயத்து முடிஞ்சது.

மேல ரெண்டு மூலைலயும் றெக்கை வருதுன்னீங்களே, அது கோமா, அதோட கொஞ்சம் ஆஸ்டிக்மாடிசம், ரெண்டுமே ஓரத்துல புள்ளியைப் புள்ளியா காட்டாம இழுத்துக் காட்டுற லென்ஸ் குறை. ரெண்டு பக்கமும் ஒரே அளவுல இருக்கான்னு மட்டும் பாருங்க. ஒரே அளவுன்னா அது டிசைன்லயே உள்ள குணம், எஃப் 2.8க்கு இறக்கினா பெரும்பாலும் அடங்கிடும்.

எனக்கு உறுத்துறது நீங்க பரவால்லன்னு சொன்ன வலது பக்கம்தான். உப்பலா ரவுண்டா இருக்குன்னா அங்க ஃபோகஸ் விழலைன்னு அர்த்தம். நடுவுல ஊசி முனை மாதிரி இருந்து வலது ஓரத்துல மட்டும் உப்பிப் போச்சுன்னா லென்ஸ் உள்ள ஏதோ ஒரு எலிமென்ட் (உள்கண்ணாடி) சாஞ்சிருக்கலாம். அதைப் பாக்காம விட்றாதீங்க.

இரவுவானம்:

ரொம்ப நன்றிண்ணா, வலது பக்கத்தை நான் கண்டுக்கவே இல்ல. மறுபடி மலைக்குப் போக இப்ப முடியாது, நிலாவும் வந்துடுச்சு. பகல்லயே டெஸ்ட் பண்ண வழி இருக்கா?

ஓரப்பார்வை:

பகல்தான் நல்லது. மொட்டை மாடிக்குப் போங்க, தூரத்துல ஒரு செல்போன் டவர் எப்படியும் தெரியும், அரை கிலோமீட்டராவது தள்ளி இருக்கணும். காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க, இல்லன்னா கானல் எல்லாத்தையும் குழப்பிடும். ட்ரைபாட், ரெண்டு செகண்ட் டைமர், பாடில இருக்கிற ஸ்டெபிலைசரை ஆஃப் பண்ணுங்க, எஃப் 1.8ல வெச்சுக்கங்க. டவரை நடு ஃப்ரேம்ல வெச்சு ஸூம் பண்ணி மேனுவலா ஃபோகஸ் பிடிங்க, அதுக்கப்புறம் ஃபோகஸ் ரிங்கைத் தொடவே கூடாது, கேமராவை ஆஃப் பண்ணவும் கூடாது, இப்ப வர்ற லென்ஸ்ல ரிங் மோட்டார் வழியாதான் வேலை செய்யுது, சில பாடி ஆஃப் ஆகி ஆன் ஆனா ஃபோகஸ் வேற எங்கயோ போய் நிக்கும்.

அப்படியே கேமராவைத் திருப்பி அதே டவரை இடது ஓரத்துல ஒண்ணு, வலது ஓரத்துல ஒண்ணு, நாலு மூலைலயும் ஒவ்வொண்ணு எடுங்க. ஒரே டவரை எல்லா இடத்துலயும் வைக்கிறதால தூரம், வெளிச்சம்னு வேற எந்த சாக்கும் சொல்ல முடியாது. அப்புறம் கேமராவைத் தலைகீழாக் கவுத்து மறுபடி அதே மாதிரி எடுங்க. கேமராவோட அதே ஓரம் மறுபடி சாஃப்டா வந்தா கோளாறு கேமராலயோ லென்ஸ்லயோ இருக்கு. ரா ஃபைல்ல (கேமரா திருத்தாம சேமிக்கிற அசல் ஃபைல்), லென்ஸ் கரெக்ஷன் ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க, டிஸ்டார்ஷன் கரெக்ஷன் மூலையை இழுத்து நிமித்தும்போது அதுவே கொஞ்சம் சாஃப்டாக்கிடும்.

கடைசியா ஒண்ணு. சாஃப்டா இருக்கிற ஓரத்துல டவரை வெச்சு அங்கயே ஃபோகஸ் பிடிச்சுப் பாருங்க. அங்க பளிச்னு வந்து எதிர் ஓரம் முன்னைவிட மோசமாச்சுன்னா அது டில்ட், அதாவது ஃபோகஸ் தளம் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. எல்லா ஓரமும் ஒண்ணா நல்லாகி நடு மட்டும் சாஃப்ட் ஆனா அது ஃபீல்டு கர்வேச்சர், அதாவது ஃபோகஸ் தளம் வளைஞ்சிருக்கு, அதுக்கு லென்ஸைத் திருப்பித் தர வேண்டியதில்ல. எங்க ஃபோகஸ் பிடிச்சாலும் அந்த ஓரம் தெளியவே இல்லன்னா டீசென்டர்.

புதுலென்ஸ்தேடி:

நடுவுல வர்றேன் மன்னிக்கணும், நானும் இதே வேலைக்குதான் தேடிட்டு இருக்கேன். 20 மிமீ எஃப் 1.8 எடுக்கவா, 14 மிமீ எஃப் 1.8 எடுக்கவா? வானம் நிறைய வரணும்னா 14 தானே?

ஓரப்பார்வை:

வானம் நிறைய வரும், ஆனா நட்சத்திரம் கம்மியா பதியும். நட்சத்திரம்ங்கிறது புள்ளி, அதுக்கு எஃப் நம்பரை விட கண்ணாடி வழியா உள்ள வர்ற ஓட்டை எவ்வளவு பெருசுங்கிறதுதான் கணக்கு. 20ஐ 1.8ஆல வகுத்தா 11 மிமீ, 14ஐ 1.8ஆல வகுத்தா 8 மிமீக்கும் கம்மி. பரப்பளவுல 20 மிமீ ரெண்டு மடங்கு. அப்புறம் கையில தூக்குறதையும் பாருங்க, சோனி 20 மிமீ எஃப் 1.8 ஜி 2020ல வந்தது, 373 கிராம், முன்னாடி 67 மிமீ ஃபில்டர் மாட்டலாம். 2021ல வந்த அவங்க 14 மிமீ எஃப் 1.8 ஜிஎம் 460 கிராம், ஆனா முன் கண்ணாடி உருண்டு வெளிய நிக்கும், ஃபில்டர் பின்னாடி வெட்டித்தான் சொருகணும். சிக்மா 14 மிமீ எஃப் 1.4 ஆர்ட் 2023ல வந்தது, வானத்துக்குன்னே செஞ்ச லென்ஸ், ஆனா ஒரு கிலோவுக்கு மேல. மலை ஏறிப் போறவருக்கு நான் 20தான் சொல்வேன்.

இரவுவானம்:

டெஸ்ட் பண்ணிட்டேன், அப்டேட் இதோ. இடது ஓரத்துல டவரோட குறுக்குக் கம்பி ஒவ்வொண்ணையும் எண்ணலாம், அவ்வளவு தெளிவு. அதே டவர் வலது ஓரத்துல கம்பி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சாம்பல் பூசின மாதிரி இருக்கு. தலைகீழாக் கவுத்தப்பவும் கேமராவோட அதே பக்கம்தான் போகுது. வலது ஓரத்துல ஃபோகஸ் பிடிச்சா அங்க கம்பி பிரிஞ்சு தெரியுது, நடு லேசா சாஃப்ட், இடது ஓரம் ரொம்ப மோசம். எஃப் 4க்கு இறக்கினா வித்தியாசம் ரொம்பக் கம்மி, எஃப் 8ல சுத்தமா தெரியல. யூவி ஃபில்டர் இல்லாமதான் எல்லாம் எடுத்தேன்.

அண்ணா, இது லென்ஸா இல்ல என் பாடில சென்சாரே சாஞ்சிருக்கா? பாடின்னா வாரண்டி முடிஞ்சு போச்சு, அதான் பயமா இருக்கு.

ஓரப்பார்வை:

டில்ட்தான், சந்தேகமே வேணாம். பாடியா லென்ஸான்னு பாக்க உங்ககிட்ட இருக்கிற வேற எந்த லென்ஸும் போதும், ஆனா எஃப் 1.8ஐ ஒட்டித் திறக்கணும். 50 மிமீ எஃப் 1.8 இருக்கா? வைடாத்தான் இருக்கணும்னு இல்ல, சென்சார் பக்கத்துல ஃபோகஸ் தாங்குற ஆழம் எஃப் நம்பரைப் பொறுத்தது, ஃபோகல் லெங்த்தைப் பொறுத்தது இல்ல. எஃப் 1.8ல, உங்க பிக்சல் அளவுக்கு, முன்ன பின்ன ஒரு மிமீல நூத்துல ஒரு பங்குதான் இடம் இருக்கு. சென்சார் அதுக்கு மேல சாஞ்சிருந்தா 50லயும் அதே வலது ஓரம் மாட்டிக்கும்.

இரவுவானம்:

50 எஃப் 1.8 இருக்கு, இப்பதான் எடுத்துப் பாத்தேன். ரெண்டு ஓரமும் ஒரே மாதிரி இருக்குண்ணா!! அப்ப பாடி தப்பிச்சது.

ஓரப்பார்வை:

நல்லதுப்பா. அப்ப தைரியமா கடைக்குப் போங்க, ஆனா நட்சத்திரப் படத்தைக் காட்டாதீங்க, அது எல்லா வைட் லென்ஸும் இப்படித்தான் சார்னு சொல்லி அனுப்பிடுவாங்க. டவர் படத்துல இடது ஓரம், வலது ஓரம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரே படமாக்கி, 50 மிமீல எடுத்ததையும் கூட வெச்சுக் காட்டுங்க. மாத்தித் தர்ற லென்ஸையும் இதே டெஸ்ட் பண்ணாம கையெழுத்துப் போடாதீங்க, கடை வாசல்லருந்தே தூரத்துல ஒரு போர்டு தெரிஞ்சா போதும்.

கல்யாணகேமரா:

இந்த டவர் டெஸ்டை இனிமே நானும் பண்ணப்போறேன். என்கிட்ட இருக்கிற வைடுல குரூப் போட்டோ எடுக்கும்போது ஒரு ஓரத்துல நிக்கிறவங்க முகம் எப்பவுமே தெளியல, லைட்டுதான் காரணம்னு நினைச்சிட்டு இருந்தேன்.

இரவுவானம்:

மாத்திக் கொடுத்துட்டாங்க, முதல்ல கொஞ்சம் இழுத்தடிச்சாங்க, ரெண்டு ஓரத்தையும் சேத்து வெச்ச படத்தைக் காட்டினதும் மேனேஜரே வந்து பாத்துட்டு சரின்னுட்டாரு. புது காப்பி ரெண்டு ஓரமும் சமமா இருக்கு. நேத்து ராத்திரி ஊருக்கு வெளிய ஏரிக்கரைல வெச்சு 5 செகண்ட்ல எடுத்தேன், கோடு சுத்தமா இல்ல, மேல மூலைல றெக்கை மட்டும் ரெண்டு பக்கமும் ஒரே அளவுல இருக்கு, எஃப் 2.8ல போயிடுச்சு. அமாவாசைக்கு மறுபடி மலைக்குப் போறேன், எவ்வளவு செகண்ட் வைக்கட்டும்?

ஓரப்பார்வை:

நட்சத்திரம் கோடாகாம இருக்க 500 விதின்னு சொல்றதுல 500ஐ 20ஆல வகுத்தா 25 செகண்ட் வரும், அது ஃபிலிம் காலத்துக் கணக்கு, உங்க சென்சாருக்கு ஒத்துவராது. எஃப் நம்பரை 35ஆல பெருக்கி, பிக்சல் அளவு மைக்ரான்ல 30ஆல பெருக்கி, ரெண்டையும் கூட்டி ஃபோகல் லெங்த்தால வகுங்க. உங்களுக்கு பிக்சல் 6 மைக்ரான் கிட்ட, 12 செகண்ட் வருது. கிழக்கு ஓரம் ஃப்ரேம்ல இருந்தா 10க்கு இறக்கிடுங்க. எஃப் 2ல பத்து இருபது ஃப்ரேம் தொடர்ச்சியா எடுத்து சீக்வேட்டர்ங்கிற சாஃப்ட்வேர்ல போட்டு ஸ்டாக் பண்ணுங்க, அதாவது எல்லாத்தையும் ஒரே படமா அடுக்கிச் சேருங்க, விண்டோஸ்ல இலவசம்தான், நாய்ஸ் நல்லா அடங்கும். மலைல பனி இறங்கினா முன் கண்ணாடில ஈரம் படியும், லென்ஸைச் சுத்தி ஒரு ஹீட்டர் பட்டை கட்டிக்கங்க, பவர் பேங்க்ல ஓடும்.